கண்ணைப் பெரிதாக வரைந்தால் மங்கா ஆகிவிடுமா? அமெரிக்க மங்காவின் தரம் பற்றி ஓர் அறிமுகம்

2005 வாக்கில் அமெரிக்காவின் பெரிய புத்தகக் கடைகளில் மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், அலமாரி நீண்டுகொண்டே போனது. கையடக்க அளவு, உள்ளே கறுப்பு வெள்ளைப் பக்கங்கள், விலை பெரும்பாலும் 9.99 டாலர். அதே அலமாரியில், அதே அளவில், அதே விலையில் இன்னொரு வகைப் புத்தகமும் வந்து உட்கார்ந்தது. அட்டையில் இருந்தவை ஜப்பானியப் பெயர்கள் இல்லை. அவற்றை எழுதியவர்களும் வரைந்தவர்களும் அமெரிக்காவிலோ கனடாவிலோ வளர்ந்த இளைஞர்கள். இதற்கு 'ஓஇஎல் மங்கா' (மூலமே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மங்கா), 'உலக மங்கா' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். வாசகர்களில் ஒரு சாரார் "இது மங்காவே இல்லை, வெறும் நகல்" என்று ஒதுக்கினார்கள். இன்னொரு சாரார், நம்மைப் போன்றவர்கள் நமக்குப் பிடித்த வடிவத்தில் வரைகிறார்களே என்று கொண்டாடினார்கள்.

நீங்கள் அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் பார்த்திருக்கலாம், ஓரிரு மங்கா தொடர்களைப் படித்திருக்கலாம். அமெரிக்கர்கள் வரைந்த மங்கா என்று ஒரு கிளை இருப்பது தெரியாமல் இருக்கலாம். அந்தக் கிளைக்குள் நுழைய உதவுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அதில் எது நன்றாக இருக்கிறது, எது சொதப்புகிறது, ஏன் என்று பார்ப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகங்களில் அருமையானவை உண்டு, சகிக்க முடியாதவையும் உண்டு. சகிக்க முடியாதவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறைச் செய்தவை: மங்காவின் முகத்தை எடுத்துக்கொண்டு அதன் நடையை விட்டுவிட்டன.

முகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய கண், கூர்மையான முகவாய், காற்றில் பறக்கும் முடி, வெட்கப்பட்டால் கன்னத்தில் கோடுகள், சங்கடப்பட்டால் நெற்றியோரம் ஒரு பெரிய வியர்வைத் துளி. இவை எல்லாமே ஜப்பானில் முளைத்தவை என்றும் சொல்ல முடியாது. நவீன மங்காவின் தந்தை என்று போற்றப்படும் ஒசாமு தெசுகா, டிஸ்னி படங்களையும் ஃப்ளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன்களையும் விரும்பிப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பெரிய கண்களில் அமெரிக்கக் கார்ட்டூனின் சாயல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே கண்ணை வைத்து நாட்டைப் பிரிப்பதில் அர்த்தமில்லை.

நடை என்பது வேறு. கதை ஒரு பக்கத்தில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கே நிற்கிறது, வாசகரின் கண் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு எப்படிப் போகிறது, எந்தக் கணத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் அடங்கும். காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் விதங்களை ஆறாகப் பிரித்தார். அமெரிக்க காமிக்ஸில் அதிகம் வருவது ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குப் போவது: கையை ஓங்கினான், அடித்தான், எதிரி விழுந்தான். ஜப்பானிய மங்காவில் இதோடு இன்னொன்றும் தாராளமாக வருகிறது. நேரம் நகர்வதே இல்லை. ஒரே இடத்தின் வெவ்வேறு மூலைகளைக் கண் சுற்றி வருகிறது. சன்னல், மேசை மேல் ஒரு கோப்பை, வெளியே மரம், பிறகு முகம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்குக் கடிதம் வருகிறது, அதில் கெட்ட செய்தி. வழக்கமான அமெரிக்க காமிக்ஸ் மாத இதழில் இதற்கு மூன்று கட்டங்கள் போதும். அவள் உறையைப் பிரிக்கிறாள். கடிதத்தைப் படிக்கிறாள், மேலே ஒரு எண்ணப் பலூன்: "ஐயோ, அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டதே!" அடுத்த கட்டத்தில் அவள் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். செய்தி நமக்கு வந்துவிட்டது, கதை நகர்ந்துவிட்டது.

இதையே தேர்ந்த மங்கா கலைஞர் இரண்டு முழுப் பக்கங்களுக்கு எடுத்துச் செல்வார். முதலில் உறையின் ஓரம் கிழியும் ஒரு சிறு கட்டம். பிறகு விரல்கள். பிறகு அகலமான ஒரு கட்டத்தில் அறை முழுவதும். அவள் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள், வசனமே இல்லை. அடுப்பில் பாத்திரம் கொதிக்கிறது. பாத்திரத்தின் மூடி மட்டும் தனிக் கட்டமாக. மறுபடி அவள் முதுகு, இந்த முறை சற்று அருகில். பக்கத்தைத் திருப்பினால் முழுப் பக்கத்துக்கு அவள் முகம். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது இன்னும் நமக்குத் தெரியாது. ஆனால் நாம் அவளோடு அந்த அறையில் நின்றுவிட்டோம்.

இரண்டாவது விதம் உயர்ந்தது, முதலாவது தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் பின்னால் வெவ்வேறு பொருளாதாரம் இருக்கிறது. அமெரிக்க மாத இதழில் கதைக்கு நீண்ட காலம் வழக்கமான அளவு 22 பக்கம். வருடத்துக்கு 264 பக்கம். அதற்குள் வாசகரைப் பிடித்து நிறுத்த வேண்டும், ஆகவே ஒவ்வொரு கட்டமும் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானிய வார இதழ்த் தொடர் வாரம் 19 பக்கம் அளவில் ஓடுகிறது; வருடத்துக்கு ஏறக்குறைய 900 பக்கம். மலிவான காகிதம், கறுப்பு மை மட்டும். அங்கே மௌனத்துக்கு இடம் இருக்கிறது, பாத்திரத்தின் மூடிக்கு ஒரு கட்டம் ஒதுக்க முடிகிறது. மங்காவின் நடை இந்த வசதியில் வளர்ந்தது. வசதி இல்லாத இடத்தில் அதே நடையைக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அமெரிக்கக் கலைஞர்கள் முன்னால் இருந்த கேள்வி.

முதலில் இதற்கு நல்ல விடை கண்டவர்களில் ஒருவர் ஃபிராங்க் மில்லர். டிசி நிறுவனம் 1983, 84இல் வெளியிட்ட அவருடைய 'ரோனின்' ஆறு இதழ்களில் முடிந்தது. கண் பெரிதாக இருக்காது, முடி பறக்காது. படம் பார்த்த மாத்திரத்தில் யாரும் அதை மங்கா என்று சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சுக் கலைஞர் மோபியஸின் பாதிப்பும் அதில் தெரிகிறது. ஆனால் படித்துப் பாருங்கள். வாள் சண்டைகள் வசனமே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே ஒரு இடைவெளி, அதற்கென்று ஒரு கட்டம். கசுவோ கொய்கே எழுதி கோசெகி கொஜிமா வரைந்த 'லோன் உல்ஃப் அண்ட் கப்' தொடரிலிருந்து மில்லர் கற்றது அது. அந்தத் தொடர் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்ததே 1987இல்தான். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர் ஜப்பானியப் பதிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருந்தார். மொழி தெரியாததால் பக்கம் மட்டுமே அவரோடு பேசியது. அந்தப் பயிற்சி வேறெந்தப் பாடநூலும் தராதது என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பென் டன் தொடங்கிய அன்டார்டிக் பிரஸ், 1980களின் பிற்பகுதியில் 'நிஞ்சா ஹை ஸ்கூல்' தொடரை வெளியிட ஆரம்பித்தது. அனிமே ரசிகர் மற்ற அனிமே ரசிகர்களுக்காக வரைந்தது. உற்சாகம் கரைபுரண்டு ஓடும். பக்கம் முழுக்க அனிமே நையாண்டி. அந்த ரசனைக்குள் இருப்பவருக்குப் பெரிய விருந்து, வெளியே இருப்பவருக்கு அவ்வளவாக ஒட்டாது. 1988இல் ஆடம் வாரனும் டோரன் ஸ்மித்தும் சேர்ந்து, ஹருகா தகாச்சிஹோவின் நாவல்களில் பிறந்த 'டர்ட்டி பேர்' நாயகிகளை அனுமதி பெற்று அமெரிக்க காமிக்ஸாக்கினார்கள். வாரனின் கோட்டில் அனிமே சாயல் தூக்கலாக இருந்தாலும், உடல்கள் நகரும் விதத்திலும் அறிவியல் புனைவுத் தகவல்களை வசனத்தில் அள்ளி இறைக்கும் விதத்திலும் அவருடைய சொந்தக் குரல் கேட்டது. முகம், நடை, சொந்தக் குரல் மூன்றையும் ஒருசேரப் பிடித்த முதல் சிலரில் அவரைச் சேர்ப்பேன்.

1990களில் மார்வெல் பக்கமும் காற்று வீசியது. ஜோ மதுரைரா 'அன்கேனி எக்ஸ்-மென்' இதழ்களில் மங்கா சாயலைக் கொண்டுவந்தபோது இளம் வாசகர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஆனால் பக்கத்தின் ஓட்டம் அமெரிக்க சூப்பர்ஹீரோ ஓட்டம்தான்.

பெரிய அலை வந்தது டோக்கியோபாப் பதிப்பகத்தால். ஸ்டூ லெவி 1997இல் மிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2002இல் ஜப்பானிய மங்காவைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிப் போடாமல், மூலத்தில் உள்ளபடியே வலமிருந்து இடமாக வெளியிடத் தொடங்கி அமெரிக்கச் சந்தையின் போக்கையே மாற்றியது. அதே வருடம் 'ரைசிங் ஸ்டார்ஸ் ஆஃப் மங்கா' என்ற போட்டியையும் அறிவித்தது. அமெரிக்க இளைஞர்கள் சிறுகதை அளவில் மங்கா வரைந்து அனுப்பலாம், தேர்வானவை தொகுப்பாக வெளிவரும். அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பதிப்பகம் புதியவர்கள் பலருக்குப் பல பாகங்கள் கொண்ட தொடர்களை ஒப்பந்தம் செய்து தந்தது.

தரம் பற்றிய புகார்களில் பாதி இங்கேதான் பிறந்தன. காரணம் திறமைக் குறைவு என்று பலர் அப்போது சொன்னார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். ஜப்பானில் ஒரு இளைஞர் வார இதழில் தொடர் வரையும் இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார் என்று பாருங்கள். முதலில் பத்திரிகைப் போட்டிக்குச் சிறுகதை அனுப்புகிறார். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு எடிட்டர் அவரைக் கவனிக்க ஆரம்பிக்கிறார். வேறொரு கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்து பின்னணி வரைகிறார், டோன் (சாம்பலாகத் தெரியும் புள்ளித் தாள்) ஒட்டுகிறார். தன் கதைக்கு 'நேம்' போடுகிறார். நேம் என்பது பக்கத்தின் கச்சா வடிவம்: கட்டங்கள் எங்கே, யார் எங்கே நிற்கிறார், எந்த வசனம் எந்தப் பலூனில் என்பதைக் கிறுக்கலாகப் போடுவது. எடிட்டர் அதைத் திருப்பி அனுப்புகிறார். மறுபடி போடுகிறார், மறுபடி திரும்பி வருகிறது. மையைத் தொடுவதற்கு முன்பே பக்கத்தின் ஓட்டம் பலமுறை சரிசெய்யப்பட்டுவிடுகிறது. தொடர் ஆரம்பித்த பிறகும் வாசகர் வாக்கெடுப்பு ஒவ்வொரு வாரமும் சோதிக்கிறது.

அமெரிக்க இளைஞருக்கு இது எதுவும் இல்லை. கையில் ஒரு சிறுகதை, அடுத்து 160 பக்கத்துக்கு மேல் போகும் ஒரு முழுப் புத்தகம், பல சமயம் எழுத்து, பென்சில், மை, டோன் எல்லாம் தனியாளாக. உதவியாளர் வைத்துக்கொள்ளப் பணம் போதாது. நேம் கட்டத்திலேயே பக்கத்தைப் பிரித்து மேயும் எடிட்டர் மரபு அங்கே அப்போது வேர்விட்டிருக்கவில்லை. அமெரிக்க சூப்பர்ஹீரோ துறையிலும்கூட பென்சிலுக்கு ஒருவர், மைக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். இந்த இளைஞர்கள் இரண்டு பக்கத் துணையும் இல்லாமல் நின்றவர்கள். அவர்களுடைய முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்கள் கண் முன்னாலேயே அவர்கள் தொழில் கற்றது தெரியும்.

சரி, கையில் ஒரு புத்தகம் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

முதலில் வசனத்தைப் படிக்காமல் நான்கைந்து பக்கங்களைப் புரட்டுங்கள். யார் யாரோடு இருக்கிறார், யாருக்குக் கோபம், எந்த இடத்தில் நடக்கிறது என்பது பிடிபட்டால் பக்கம் வேலை செய்கிறது. தலைகள் மட்டுமே கட்டம் கட்டமாகப் பேசிக்கொண்டிருந்தால், பின்னணி வெள்ளையாகக் கிடந்தால், கலைஞருக்கு இடம் கற்பனையில் விரியவில்லை. பதின்ம வயதுப் பெண்களுக்கான ஜப்பானிய ஷோஜோ மங்காவிலும் வெள்ளைப் பின்னணி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் காட்சி தொடங்கும்போது அந்த அறையை ஒருமுறை தெளிவாகக் காட்டிவிட்டு, உணர்ச்சி உச்சத்தில் அதை மறையச் செய்வார்கள். மறைவது நமக்கு உறைக்கும். முதலிலிருந்தே அறை இல்லாவிட்டால் மறைய எதுவும் இல்லை.

அடுத்து, முடியைக் கைவிரலால் மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். யார் யார் என்று தெரிகிறதா? மற்றவர் வரைந்த மங்காவை மட்டுமே பார்த்து வரையக் கற்றவர்களிடம் ஒரே முகம் ஐந்து தலைமுடியோடு சுற்றும். 2000களின் தொடக்கத்தில் மங்கா வரைவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் அமெரிக்காவில் குவிந்தன. அவற்றில் பல, கண்ணுக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு என்று ஒரே அச்சைக் கொடுத்தன. கையைப் பாருங்கள், காலணியைப் பாருங்கள், உட்கார்ந்திருப்பவரின் எடை நாற்காலியில் இறங்குகிறதா என்று பாருங்கள். மனிதரைப் பார்த்து வரைந்து பழகியவரை அங்கே கண்டுபிடிக்கலாம்.

டோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. மங்காவில் சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை. நெருக்கமான கறுப்புப் புள்ளிகள் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. முன்பு புள்ளிகள் அச்சிட்ட ஒட்டும் தாளை வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவார்கள், மேலே கத்தியால் சுரண்டி ஒளியைக் கொண்டுவருவார்கள். கணினி வந்த பிறகு அதே வேலையை மென்பொருள் செய்தது. ஜப்பானின் செல்சிஸ் நிறுவனத்தின் மென்பொருளை அமெரிக்காவில் 'மங்கா ஸ்டூடியோ' என்ற பெயரில் விற்றார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டோன் போட்டு முடித்த பக்கத்தை அப்படியே சுருக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி, சாம்பல் பரப்பின் மேல் கட்டம் போட்ட துணி மாதிரி அலைகள் கிளம்பும். கடைசி அளவைத் தீர்மானித்த பிறகே புள்ளியை இட வேண்டும். ஆரம்ப கால அமெரிக்க மங்கா பக்கங்களில் இந்த அலைகளை நிறையப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், டோன் எதற்கு வருகிறது என்பது. நிழலுக்கா, துணியின் தன்மைக்கா, மனநிலைக்கா? காலியாக இருக்கிறதே என்று நிரப்பப் போட்ட டோன் பக்கத்தையே மங்க வைத்துவிடும். தேர்ந்தவர்கள் கெட்டிக் கறுப்பையும் வெறும் வெள்ளையையும் முதலில் அமைத்துவிட்டு, டோனைக் கடைசியில் சிக்கனமாகத் தொடுவார்கள்.

படிக்கும் திசையும் தரத்தைப் பாதிக்கிறது. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக, வரிகள் வலமிருந்து இடமாகப் போகும். பக்கமும் அதே திசையில் போகும், இரண்டும் ஒத்துப்போகும். மங்கா பலூன்கள் உயரமாக, ஒல்லியாக இருப்பதும் அதனால்தான். ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் அசல் மாதிரி தெரிய வேண்டும் என்று வலமிருந்து இடமாக வரைந்தால், பலூனுக்குள் கண் ஒரு பக்கம் ஓடும், பலூனுக்கு வெளியே எதிர்ப்பக்கம் ஓடும். மொழிபெயர்ப்பில் அதைப் பொறுத்துக்கொள்கிறோம், மூலம் அப்படி என்பதால். புதிதாக வரைபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான நல்ல அமெரிக்க மங்கா கலைஞர்கள் இடமிருந்து வலமாகவே வரைந்தார்கள், பலூனையும் ஆங்கில வரிக்கேற்ப அகலமாக்கினார்கள்.

இனி நல்லவற்றைப் பார்ப்போம்.

ஸ்வெட்லானா ஷ்மக்கோவா ரஷ்யாவில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். டோக்கியோபாப் 2005 முதல் 2007 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட அவருடைய 'டிராமாகான்', அந்த அலையில் வந்தவற்றில் நான் முதலில் பரிந்துரைப்பது. கிறிஸ்டி என்ற பதின்ம வயது எழுத்தாளர், தன் கதைகளை வரையும் காதலனோடு ஒரு அனிமே விழாவுக்குப் போகிறாள். அங்கே மேட் என்ற இளைஞனைச் சந்திக்கிறாள். மூன்று பாகங்களும் அடுத்தடுத்த மூன்று வருடங்களில் நடக்கும் அதே விழாவைச் சுற்றியே நடக்கின்றன. ஷ்மக்கோவாவுக்கு அந்த உலகம் உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும்: கலைஞர்கள் மேசை போட்டு விற்கும் கூடம், வேடமிட்டவர்களின் கூட்டம், ஓட்டல் நடைபாதைகளில் நள்ளிரவுச் சண்டைகள். ஜப்பானியப் பள்ளிச் சீருடையை இரவல் வாங்க அவருக்குத் தேவையே இல்லை.

மேட் ஒரு கண்ணை இழந்தவன், கறுப்புக் கண்ணாடி அணிந்தே திரிகிறான். பெரிய கண்ணை வைத்தே உணர்ச்சியைக் காட்டிப் பழகிய ஒரு பாணியில், நாயகனின் கண்ணை மூடிவைப்பது எவ்வளவு துணிச்சல் என்று யோசியுங்கள். அவன் மனதை அவன் வாயோரம், தோள், கைகளை வைத்துக்கொள்ளும் விதம் ஆகியவற்றிலிருந்துதான் வாசகர் படிக்க வேண்டும். ஷ்மக்கோவா அதைச் சாதித்திருக்கிறார். நகைச்சுவை வரும்போது பாத்திரங்கள் குட்டி பொம்மைகளாகச் சுருங்குவதும், அடுத்த கட்டத்திலேயே முழு உருவத்துக்குத் திரும்பி வலியைக் காட்டுவதும் சரியான தாளத்தில் விழுகின்றன. வியர்வைத் துளியும் நெற்றி நரம்பும் இங்கேயும் உண்டு. ஆனால் அவை நடிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை.

எம். ஆலிஸ் லெக்ரோவின் 'பிஸென்காஸ்ட்' எட்டுப் பாகம் வரை போனது. நியூ இங்கிலாந்தின் ஒரு கைவிடப்பட்ட ஊர், பேய்கள், ஒரு பெண்ணின் சிதறும் மனம். முதல் பாகத்தில் உருவங்கள் விறைத்து நிற்கின்றன, காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்ட மறுக்கின்றன. ஆனால் உடைகளைப் பாருங்கள்: மடிப்பும் பின்னலும் சரிகையும் அவ்வளவு காதலோடு வரையப்பட்டவை. பாகங்கள் போகப் போக அந்தக் காதல் முழுப் பக்கத்துக்கும் பரவுகிறது. குறைகளோடு நேசிக்கத் தகுந்த புத்தகம்.

பிராண்டன் கிரகாமின் 'கிங் சிட்டி' 2007இல் டோக்கியோபாப் வழியாக வந்து, பிறகு 2009இல் இமேஜ் காமிக்ஸ் வழியாகப் பெரிய பக்க அளவில் மறுபடி வந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் பக்க அளவு எவ்வளவு முக்கியம் என்பது புரியும். கிரகாம் தெருவையும் கடைப் பலகையையும் சிறு எழுத்து விளையாட்டுகளையும் ஒவ்வொரு மூலையிலும் நுழைப்பவர். கையடக்க அளவில் அவை திணறின, பெரிய அளவில் மூச்சு விட்டன. கதை அவசரப்படுவதே இல்லை. ஒரு நகரத்தில் சும்மா சுற்றுவதற்கு அது இடம் கொடுக்கிறது. மங்காவிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அந்தச் சுதந்திரத்தை. கோடு முழுக்க அவருடையது.

கனடாவின் பிரையன் லீ ஓமாலி, ஓனி பிரஸ் மூலம் 2004 முதல் 2010 வரை ஆறு பாகங்களாகத் தந்த 'ஸ்காட் பில்கிரிம்' இதே வழியில் போய் மிகப் பெரிய வெற்றி பெற்றது. அதை மங்கா என்று அழைப்பதா வேண்டாமா என்று பலர் யோசித்தார்கள். கறுப்பு வெள்ளை, கையடக்க அளவு, ஷோனன் (பையன்களுக்கான மங்கா) சண்டைகளின் அமைப்பு, நடுநடுவே டொரன்டோ பனியில் நீண்ட மௌனங்கள். எனக்கு அது போதும்.

ஃபெலிப்பே ஸ்மித்தின் பயணம் எல்லோரையும்விட வித்தியாசமானது. அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்து புவனோஸ் ஐரிஸில் வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸைக் களமாக வைத்து 'எம்பிகியூ' என்ற தொடரை டோக்கியோபாப்புக்கு வரைந்தார். அது ஜப்பானிய எடிட்டர்களின் கண்ணில் பட்டு, டோக்கியோவுக்கே போய் கோடான்ஷா பதிப்பகத்தின் 'மார்னிங் டூ' இதழில் 'பீப்போ சூ' தொடரை ஜப்பானிய வாசகர்களுக்காக வரைந்தார். ஜப்பானைச் சொர்க்கமாகக் கனவு காணும் ஒரு சிகாகோ பையன் அங்கே போய் இறங்குவதுதான் கதை. அமெரிக்கர் மங்கா வரைய முடியுமா என்ற கேள்வியை ஜப்பானிய வார்ப்பிலேயே வைத்துச் சோதித்ததால் இந்தப் படைப்பு முக்கியமானது. 'எம்பிகியூ'வில் எல்லாவற்றையும் திணித்ததால் பக்கங்கள் திணறின. நேம் திரும்பித் திரும்பி வரும் முறைக்குள் போன பிறகு அதே கையின் பக்கங்கள் இறுகி, கூர்மையாகின. முறையின் பங்கு என்ன என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் மார்வெலுக்குப் போய், 2014இல் ராபி ரேயஸ் என்ற புதிய கோஸ்ட் ரைடரை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

அந்த அலை ஏன் அடங்கியது? சந்தை சுருங்கியது, டோக்கியோபாப் 2008இலேயே வெளியீடுகளைக் குறைத்தது. 2011இல் பார்டர்ஸ் புத்தகக் கடைச் சங்கிலி திவாலானது, அதே வருடம் டோக்கியோபாப் தன் அமெரிக்கப் பதிப்புப் பிரிவை மூடியது. பல தொடர்கள் பாதியில் நின்றன. உரிமையில் பதிப்பகத்துக்கும் பங்கு இருந்ததால், பல கலைஞர்களால் தங்கள் கதையை வேறு இடத்தில் தொடரவும் முடியவில்லை. ஜென் லீ குவிக்கின் 'ஆஃப் பீட்' இரண்டு பாகங்களோடு நின்று, பல வருடம் கழித்து வேறொரு பதிப்பகம் வழியாகத்தான் முடிவைக் கண்டது. இரண்டாம் பாகத்தில் நின்றுபோன ஒரு தொடரை வைத்து அந்தக் கலைஞரை எடைபோடுவது நியாயமில்லை. மங்கா போன்ற நீண்ட வடிவத்தில் கலைஞர் தொடர்ந்து வரைந்துதான் கைதேறுகிறார். அந்த வாய்ப்பு பலருக்குப் பாதியில் பறிபோனது.

கற்றது வீணாகவில்லை. ஷ்மக்கோவா யென் பிரஸ்ஸில் 'நைட்ஸ்கூல்' வரைந்தார், 2015இல் பள்ளி மாணவர்களுக்காக 'ஆக்வர்ட்' என்ற வண்ண நூலைத் தந்தார். அதை யாரும் மங்கா அலமாரியில் வைப்பதில்லை. ஆனால் ஒரு சங்கடமான கணம் நான்கு கட்டங்களுக்கு நீள்வதைப் பார்த்தால், எங்கே கற்றார் என்பது தெரியும். இன்றைய அமெரிக்கச் சிறுவர் காமிக்ஸ் பலவற்றில் இந்த நடை ஊறியிருக்கிறது. 2013இல் ஃபிரெடெரிக் ஜோன்ஸ் தொடங்கிய 'சாட்டர்டே ஏஎம்' இதழ் பல நாட்டு இளைஞர்களை ஷோனன் பாணியில் வரையவைக்கிறது. 2022இல் ஜப்பானிய மங்கா பதிப்பகமான ஷுயெய்ஷா நிறுவனமே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வரைபவர்கள் தங்கள் மங்காவைப் பதிவேற்ற 'மங்கா பிளஸ் கிரியேட்டர்ஸ்' தளத்தைத் திறந்தது. வெளிநாட்டுக் கை மங்கா வரையலாமா என்ற விவாதம் ஜப்பானியப் பதிப்பகங்களுக்கு ஏற்கெனவே பழையது.

படிக்க ஆரம்பிப்பதானால் 'டிராமாகான்' மூன்று பாகங்களையும் வரிசையாக எடுங்கள். முதல் பாகத்தின் கோட்டையும் மூன்றாம் பாகத்தின் கோட்டையும் ஒப்பிட மறக்காதீர்கள். பிறகு 'ரோனின்', முதல் சண்டைக் காட்சிகளை வசனம் படிக்காமல் ஒருமுறை, படித்து ஒருமுறை. 'கிங் சிட்டி'யை ஒரே தொகுப்பாக வந்த பெரிய பதிப்பில் தேடுங்கள். 'பீப்போ சூ' கடைசியில் இருக்கட்டும்: வன்முறையும் பாலியல் காட்சிகளும் தாராளமாக உள்ள, வயது வந்தவர்களுக்கான புத்தகம் அது. ஆங்கிலத்தில் வெர்ட்டிகல் பதிப்பகம் 2010இலிருந்து மூன்று பாகங்களாக வெளியிட்டிருக்கிறது.